கோதின் நீளம்: ரிவால்வர் தோட்டாவில் ஒரு மயிரிழை என்ன செய்யும்?

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வெற்றுக் கோது புதுப் பொருள் இல்லை. சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைக் குழாயைத்தான் சொல்கிறேன். முட்டைக்குக் கோது இருப்பதுபோலத் தோட்டாவுக்கும் கோது. கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறுவளவு இருந்தது. அதற்குள் பொறுக்கிய கோதுகளைக் கீழுதட்டில் வைத்து ஊதுவோம். நீளமானது தடித்த குரலில் ஊதும், கட்டையானது கீச்சிடும். யாருடையது எந்தச் சத்தம் என்று நீளம் பார்த்தே பிரித்து வைத்திருந்தோம். அம்மா கண்டால் அடி விழும். அவர் அடித்தது சரிதான். வெடித்தது எது, வெடிக்காதது எது என்று அந்த வயதில் எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கும் வளவு கொத்தும்போது அப்படி ஏதாவது கிளம்பினால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

முப்பது வருடம் கழித்து அதே வேலையை, கோதுகளை நீளம் பார்த்துப் பிரிக்கும் வேலையை, தொலைபேசி வழியாக மீண்டும் செய்யவேண்டி வந்தது.

நான் லேத் வேலைக்காரன். மட்டக்களப்பு டவுனில் ஒரு பட்டறையில் நெல்லு மெசினுக்குப் புஷ், படகு எஞ்சினுக்கு ஷாப்ட் என்று கடைந்து கொடுப்பதுதான் தொழில். என்னிடம் துவக்கு இல்லை. மாமியின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். அங்கே ஒரு சூட்டுக் கழகத்தில் அங்கத்தவன். .357 மாக்னம் ரிவால்வர் ஒன்றைப் பதிவோடு வைத்திருக்கிறான். கனடா 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே உரிமத்தோடு வாங்கியவர்கள் அனுமதி பெற்ற சூட்டுத் திடலில் சுடலாம். தோட்டா விலை ஏற ஏற, சுட்ட கோதுகளைச் சேர்த்துத் தானே மீண்டும் அடைக்கத் தொடங்கினான். அங்கே அது சட்டத்துக்குள் அடங்கிய பொழுதுபோக்கு, பலர் செய்கிறார்கள்.

ஒருநாள் இரவு அழைத்தான். அவன் டை என்று சொன்னது, கோதை உள்ளே விட்டு அழுத்தி வடிவாக்கும் இரும்பு அச்சை.

"மச்சான், நான் அடைச்ச தோட்டாவில பாதி சிலிண்டருக்குள்ள இறங்குதில்ல. முக்கால்வாசி போய் இறுகி நிக்குது. சன்னம் சரி, டை சரி. என்னடா இது?"

"கோதெல்லாத்தையும் அளந்து பாத்தியா?"

"ரிவால்வருக்கு நீளம் அளக்கத் தேவையில்லை எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க."

அவன் சொன்ன இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மற்றப் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடங்குமுன் ஒன்று. இலங்கையில் துவக்குக்கு வருடா வருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். வெடிமருந்தை 1956 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாமல் வீட்டில் தோட்டா அடைப்பது இங்கே குற்றம். ஆகவே இது செய்முறைப் பாடம் இல்லை. மருந்தின் அளவு எதையும் எழுதவும் மாட்டேன்; சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில் இருப்பவர்கள் அதை உற்பத்தியாளரின் கைநூலில்தான் பார்க்க வேண்டும். நீளம் என்ற ஒரேயொரு அளவு ஏன் முக்கியம் என்பதை மட்டும் விளங்கப்படுத்தப் பார்க்கிறேன். நம்மூர் வேட்டைத் துவக்குக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆணியின் தலை

ஒரு தோட்டாவில் நாலு பாகம். முன்னால் பறந்து போகிற ஈயமோ செம்புறை போட்ட ஈயமோதான் சன்னம். உள்ளே மருந்து. அடியில், அடித்தால் பொறி விடுகிற கேப். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் குழாய்தான் கோது. சன்னம் போகும், மருந்து எரியும், கேப் ஒருமுறைதான் வேலை செய்யும். கோது மட்டும் மிஞ்சும். அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பாவிக்க முடிகிறது. அதனால்தான் அதன் அளவும் திரும்பத் திரும்ப மாறுகிறது.

ரிவால்வரின் சிலிண்டரில் ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும். ஒரு தோட்டாவை அறைக்குள் போட்டால் அது எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? ரிவால்வர்க் கோதின் அடியைப் பாருங்கள். உடம்பைவிட அகலமான ஒரு விளிம்பு, ரிம், வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ஆணியைத் துளைக்குள் போட்டால் தலை தட்டி நிற்கிறதல்லவா? அப்படித்தான் இந்த ரிம் சிலிண்டரின் பின்முகத்தில் தட்டி நிற்கிறது. ஆணி ஒரு அங்குலமாக இருந்தாலும் முக்கால் அங்குலமாக இருந்தாலும் தலை நிற்கிற இடம் மாறாது.

தானியங்கிப் பிஸ்டலில் கதை வேறு. 9 மி.மீ. கோதுக்கு அப்படி வெளியே தள்ளிய ரிம் கிடையாது. அது தன் வாயின் ஓரத்தை அறையின் முன்படியில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. அங்கே கோது கட்டையாகிப் போனால் தோட்டா தேவைக்கு மேல் உள்ளே போகும். அடியூசி கேப்பைச் சரியாகத் தொடாமல் போகலாம்.

ரிவால்வரில் அந்தப் பயம் இல்லை. மச்சானுக்கு யாரோ சொன்ன "அளக்கத் தேவையில்லை" என்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. கோது அரை மில்லிமீற்றர் கட்டையாக இருந்தாலும் ரிம் பிடித்துக்கொள்ளும், கேப்பும் எட்டும். இவ்வளவும் உண்மை.

யார் சன்னத்தைப் பிடிப்பது?

இனி மற்றப் பாதி.

கல்முனைக்குப் போகிற பஸ் நின்ற இடத்திலிருந்து வெடுக்கென்று எடுபட்டால் நிற்கிறவர்கள் எல்லாரும் பின்னால் சாய்கிறோம். பஸ் முன்னால் போய்விட்டது. உடம்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரிவால்வரில் இதே கூத்து திசை மாறி நடக்கிறது. ஒரு வெடி வெடித்ததும் துவக்கு பின்னால் உதைக்கும். இன்னும் சுடாத தோட்டாக்களின் ரிம்மைச் சிலிண்டர் பின்னால் தள்ளுகிறது, கோதும் சேர்ந்து பின்னால் போகிறது. சன்னம் பாரமானது. அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது கோதின் வாயிலிருந்து மெல்ல மெல்ல முன்னால் கழன்று வரும். இரண்டாவது வெடி, மூன்றாவது வெடி என்று ஒவ்வொரு உதைக்கும் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஏதோ ஒரு சன்னத்தின் மூக்கு சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தால், அது குழலின் பின்பக்கத்தில் இடித்து நிற்கும். சிலிண்டர் சுழலாது. துவக்கு இறுகிவிட்டது.

இதைத் தடுக்கத்தான் கோதின் வாயைச் சன்னத்தின் மேல் உள்நோக்கி மடித்து விடுகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் கிரிம்ப் என்பார்கள், நம் ஆட்களும் அப்படியே சொல்கிறார்கள். ரிவால்வர்ச் சன்னத்தின் உடம்பில் பெரும்பாலும் ஒரு வளையக் குழி இருக்கும். வாயின் ஓரம் சுருண்டு அந்தக் குழிக்குள் போய் உட்கார வேண்டும். சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினால் நெல்லு கொட்டாதது மாதிரி.

கிரிம்ப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. மருந்து பற்றியவுடனேயே சன்னம் ஓடிவிட்டால் மருந்து முழுக்கச் சீராக எரியாது. கிரிம்ப் அதை ஒரு கணம் பிடித்து வைக்கிறது, அமுக்கம் ஏறுகிறது, பிறகு விடுகிறது. அந்தப் பிடி எல்லாத் தோட்டாவிலும் ஒரேமாதிரி இருந்தால் வேகமும் ஏறத்தாழ ஒரேமாதிரி வரும். ஒன்றில் இறுக்கம், ஒன்றில் தளர்வு என்றால் இலக்குத் தாளில் ஓட்டைகள் மேலும் கீழுமாகப் பரவிக் கிடக்கும்.

சரி, இதில் நீளம் எங்கே வருகிறது?

கிரிம்ப் செய்கிற டை, அழுத்தும் மெசினில் ஒரே உயரத்தில் முறுக்கிப் பூட்டியிருக்கும். கைப்பிடியை இழுத்தால் கோது கீழிருந்து ஏறும். எப்போதும் ஒரே உயரம்தான் ஏறும். டையின் உள்ளே இருக்கிற சின்னப் படி, வாயின் ஓரத்தை உள்ளே மடிக்கிறது. வாசல் நிலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நிலையின் உயரம் மாறாது. உயரமானவனுக்குத் தலையில் இடிக்கும், கட்டையானவன் தொடாமலே போய்விடுவான். டை கோதின் அடியைப் பார்ப்பதில்லை, மருந்தைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிவது வாய் வந்து முட்டுகிற உயரம் ஒன்றுதான். கோதுகளின் நீளம் ஏறி இறங்கினால் கிரிம்ப்பும் அதே அளவுக்கு ஏறி இறங்கும்.

கட்டைக் கோதில் மடிப்பு சரியாக விழாது. பார்வைக்கு மடித்த மாதிரி இருக்கும், விரலால் தடவினால் வாயின் ஓரம் நிமிர்ந்து நிற்பது தெரியும். அந்தச் சன்னம்தான் உதையில் முன்னால் கழன்று வரும். நீளக் கோதில் இதற்கு நேர்மாறு. வாய் சன்னத்துக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும், அதற்குமேல் இறங்க இடமில்லை, கைப்பிடியோ இன்னும் அழுத்துகிறது. அந்த அழுத்தம் எங்காவது போக வேண்டும். மடிப்புக்குக் கீழே பித்தளைச் சுவர் வெளியே பிதுங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு பிதுக்கம்தான். ஆனால் அறைக்கும் கோதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே சொற்பம். தோட்டா முக்கால்வாசி போய் நின்றுவிடும்.

மச்சானின் நோய் அதுதான்.

"எத்தனை கோது இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு இருநூறு இருக்கும். கழகத்தில ஆக்கள் சுட்டுட்டு விட்டுட்டுப் போனது. பல கம்பனிச் சாமான்."

"இருபதை எடுத்து அள. ஒவ்வொண்டா வாசி, நான் எழுதுறன்."

வேர்னியரைப் பிடித்துக்கொண்டு

பள்ளிக்கூடத்தில் வேணியர் இடுக்கிமானி என்று படித்தோமே, அந்த வேர்னியர்தான் இந்தக் கலைக்கு அடிப்படை ஆயுதம். மச்சானிடம் இருந்தது இலக்கம் காட்டுகிற வகை. அங்கே எல்லாம் அங்குலக் கணக்கு. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அந்த ஆயிரத்தில் எத்தனை என்றுதான் பேசிக்கொள்வார்கள். கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு அந்தக் கணக்கில் ஏறத்தாழ நாலு. நாங்கள் அலசிக்கொண்டிருந்தது ஏறத்தாழ நாலு தாள் தடிப்பு வித்தியாசத்தை.

.357 மாக்னம் கோதின் உச்ச நீளம் 1.290 அங்குலம், அதாவது 32.77 மி.மீ. அதற்குமேல் ஒரு துளியும் கூடாது. வெட்டிச் சமப்படுத்தும்போது குறைக்க வேண்டிய நீளம் கைநூலுக்குக் கைநூல் 1.280, 1.285 என்று சற்று மாறும். மச்சான் வாசித்ததில் மிகக் கட்டையானது 1.274, மிக நீளமானது 1.291. இருபது கோதுக்குள்ளே பதினேழு ஆயிரத்தின் வித்தியாசம், ஏறத்தாழ 0.43 மி.மீ. அவன் டையைப் பூட்டியது ஏதோ ஒரு கட்டைக் கோதை வைத்து. அதனால் நீளமானவை எல்லாம் பிதுங்கின. நீளமானதை வைத்துப் பூட்டியிருந்தால் தோட்டா எல்லாம் அழகாக உள்ளே இறங்கியிருக்கும், கட்டையானவற்றில் பிடி இருந்திருக்காது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். இறங்காத தோட்டா மேசையிலேயே உண்மையைச் சொல்லிவிடும். பிடியில்லாத தோட்டா திடலில், ஆட்களுக்கு நடுவில்தான் சொல்லும்.

அளக்கிறதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சுட்ட கோது வெடியில் அகன்றிருக்கும். அதை முதலில் ஒரு டைக்குள் அழுத்திப் பழைய விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி நெரிக்கும்போது பித்தளை கொஞ்சம் மேல்நோக்கி நகரும், கோது நீளும். பிட்டு மாவை உள்ளங்கையில் வைத்து நெரித்தால் விரலிடுக்கால் வருகிற மாதிரி. ஆகவே நெரித்த பிறகு அளந்ததுதான் கணக்கு. அதற்கு முன் அளந்தால் அந்த இலக்கத்துக்குப் பெறுமதி இல்லை. மச்சான் நல்லவேளை நெரித்துவிட்டுத்தான் அளந்தான்.

ரைபிள் கோதுகள் ஒவ்வொரு வெடிக்கும் கழுத்துப் பக்கம் நீண்டுகொண்டே போகும், அவற்றை அடிக்கடி வெட்ட வேண்டும். நேர்க்குழாயான ரிவால்வர்க் கோது அவ்வளவு வளராது. மெதுவான வெடிகளில் அசைவே தெரியாது, மாக்னம் வகையில் கொஞ்சம் தெரியும். அதனால் அனுபவசாலிகள் ஒரு தொகுதிக் கோதுகளை ஒரேயொரு முறை சேர்த்துச் சமமாக வெட்டிவிட்டு, பிறகு இடைக்கிடை சிலதை அளந்து பார்ப்பதோடு விடுகிறார்கள். வெட்டினால் வாயில் பிசிறு நிற்கும்; லேத் வேலைக்காரனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உள்ளும் புறமும் லேசாக வழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிசிறு சன்னத்தைச் சுரண்டும்.

இன்னொரு இடத்திலும் நீளம் தன் கையைக் காட்டும். சன்னத்தை வைக்குமுன் கோதின் வாயை ஒரு துளி விரிப்பார்கள், புனல் மாதிரி. அந்த டையும் ஒரே உயரத்தில் பூட்டியதுதான். நீளக் கோது கூட விரியும், கட்டையானது விரியாது. கூட விரிந்து, கூட மடிந்து, மீண்டும் விரிகிற வாய் சீக்கிரம் வெடித்துப் பிளக்கும். கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து உடைக்கிறோமே, அதே கதை.

நான் மச்சானிடம் சொன்னது ஒன்றுதான். 1.280 ஐ எட்டாததையெல்லாம் ஒரு பேணியில் தனியாகப் போடு, மற்றதையெல்லாம் 1.280 க்கு வெட்டு, மறுகா டையைப் புதிதாகப் பூட்டு. கோதின் நீளம் நூலில் உள்ள இலக்கத்துக்கு எவ்வளவு கிட்ட என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட என்பதுதான் கிரிம்ப்புக்கு வேண்டியது. உச்ச நீளம் ஒன்றை மட்டும் யாரும் தாண்டக் கூடாது.

உச்ச நீளம் ஏன் எல்லை

அறையின் உட்புறத்தை முழுக்க ஒரே அகலத்தில் கடைவதில்லை. கோதுக்கான பகுதி முடிந்ததும் குழி சற்று ஒடுங்கி, சன்னம் மட்டும் போகிற தொண்டையாக மாறும். கோது கூடிய நீளமாக இருந்தால் அதன் வாய் அந்த ஒடுக்கத்துக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். வெடிக்கும்போது வாய் விரிந்து சன்னத்தை விட வேண்டும். சுற்றிலும் இரும்பு இருந்தால் எங்கே விரிவது? சன்னம் புறப்பட மறுக்கும், அந்தக் கணத்தில் அமுக்கம் கண்டபடி ஏறும்.

இந்த ஒடுக்கத்தையே ஒரு பூட்டாகப் பயன்படுத்திய வரலாறு உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

.38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் வந்த தோட்டா. அதன் கோது 1.155 அங்குலம், 29.3 மி.மீ. அதே அகலத்தில், அதே கோதில் இன்னும் பலமாகச் சுட வேண்டும் என்று 1930 வாக்கில் ஸ்மித் அன்ட் வெசன் பெரிய உடம்புள்ள ரிவால்வர் ஒன்றைச் செய்தது, அதற்கென்று பலமான .38 தோட்டாவும் வந்தது. வெளியளவில் அது சாதாரண .38 தான். ஆகவே பழைய, மெல்லிய ரிவால்வருக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1935 இல் .357 மாக்னம் வந்தபோது அந்தப் பிழையை விடவில்லை. கோதை 0.135 அங்குலம், ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீட்டினார்கள். இப்போது .38 அறைக்குள் மாக்னம் தோட்டாவைப் போட்டால் வாய் ஒடுக்கத்தில் முட்டி, ரிம் வெளியே நிற்கும், சிலிண்டர் மூடாது. மாக்னம் அறைக்குள் .38 ஐப் போட்டால் ரிம் தட்டி ஒழுங்காக நிற்கும், சுடலாம். இன்றைய அமெரிக்கத் தர அளவில் .38 ஸ்பெஷலின் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல், மாக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்குக்கு மேல். அந்த வித்தியாசத்துக்குக் காவல் நிற்பது மூன்றரை மில்லிமீற்றர்ப் பித்தளை. .44 ஸ்பெஷலையும் 1955 இல் வந்த .44 மாக்னத்தையும் பாருங்கள், 1.160 க்கு 1.285. அதே பூட்டு.

இதில் ஒரு சின்னப் பக்கவிளைவு உண்டு. மாக்னம் அறைக்குள் கட்டையான .38 ஐச் சுட்டுக்கொண்டே இருந்தால், கோது முடிகிற இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். மறுகா மாக்னம் தோட்டாவைப் போட்டால் அந்த வளையத்தில் தட்டும். அறையின் நீளம் குறைந்துபோன மாதிரிதான். பலவந்தமாகத் தள்ளாமல் தூரிகை போட்டுத் துப்புரவாக்க வேண்டும்.

கோது நீளம் மாறினால் உள்ளே இடமும் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. மாக்னம் கோதுக்குச் சொன்ன மருந்தைக் கட்டையான .38 கோதுக்குள் போட்டால் அதே மருந்து குறைந்த இடத்தில் எரிகிறது, அமுக்கம் எங்கேயோ போய் நிற்கும். .38 துவக்கும் வெடித்துப் போகலாம்.

நீளத்தை மட்டும் பார்த்து விட்டத்தை விட்டதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் பாவித்த .38 ரிவால்வர்களின் தோட்டா வேறு வகை. கட்டையானது, கோது 0.775 அங்குலம், .38 ஸ்பெஷலைவிடச் சற்றுப் பருத்தது. போர் முடிந்த பிறகு அப்படியான பல ரிவால்வர்களின் அறைகளை .38 ஸ்பெஷலுக்காக நீட்டிக் கடைந்து விற்றார்கள். நீளம் சரியாயிற்று. பின்பாதி பழைய அகலத்திலேயே இருந்தது. அதில் சுட்ட கோதுகளின் அடிப்பகுதி பிதுங்கி வரும், சில பிளந்தும் போகும். கடைசல்காரனாக எனக்கு அந்த வேலையை நினைத்தாலே மனம் கூசுகிறது.

படுவான்கரைத் துவக்குக்கு

இப்போது நம்மூருக்கு வருவோம். படுவான்கரையிலும் அம்பாறைப் பக்க வயல்களிலும் பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் என்ற குழல் அளவுள்ள வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோட்டா அடைக்க மாட்டார்கள், கடையில் வாங்கியதைத்தான் போடுவார்கள். ஆனால் இங்கே கோதின் நீளம் ரிவால்வரைவிட மோசமாக ஏமாற்றும்.

வேட்டைத் தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் 65, 70, 76 மி.மீ. என்ற அளவு, வாய் மடிந்திருக்கும் புதுத் தோட்டாவின் நீளம் இல்லை. சுட்ட பிறகு மடிப்பு விரிந்து நிற்கும் நீளம். 70 என்று எழுதிய தோட்டாவை எடுத்து அளந்தால் ஏறத்தாழ 58 தான் இருக்கும். 76 என்று எழுதியது 65 வாக்கில் இருக்கும். இப்போது 70 அறையுள்ள துவக்குக்குள் 76 ஐப் போட்டுப் பாருங்கள்: தடையே இல்லாமல் இறங்கும், துவக்கு மூடும். .357 க்கு வைத்த பூட்டு இங்கே இல்லை. வெடிக்கும்போதுதான் மடிப்பு விரியும், விரிய இடமில்லாமல் முன்னால் ஒடுங்குகிற கூம்புக்குள் போய் நெரிபடும், சன்னங்களின் வழியைக் குறுக்கும். பழைய ஆங்கிலத் துவக்குகளில் 65 மி.மீ. அறையுள்ளவை ஏராளம். தாத்தா காலத்துத் துவக்கு என்றால் குழலின் அடித்தட்டில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். அழிந்துபோயிருந்தால் தெரிந்த ஆளிடம் கொடுத்து அறையை அளப்பியுங்கள். "உள்ளே போகுதுதானே" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கை, கண் போன பிறகு அளந்து பிரயோசனமில்லை.

ரிவால்வரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் உலகப் போரில் அமெரிக்கா பிஸ்டலுக்கான .45 தோட்டாவைச் சுடுகிற ரிவால்வர்களைச் செய்தது. மொடல் 1917 என்பார்கள். அந்தத் தோட்டாவுக்கு வெளித்தள்ளிய ரிம் இல்லை. அரைநிலா வடிவத் தகட்டில் மும்மூன்றாகக் கொளுவிப் போட வேண்டும். தகடு இல்லாமல் போட்டால் கோதின் வாய்தான் அறையின் படியில் முட்டி நிற்கும். அப்படியானால் அங்கே நீளம் பிஸ்டலில் போலவே கணக்கில் வரும். அப்போது கோல்ட் கம்பனி செய்த முதல் ரிவால்வர்களில் அந்தப் படியே கடையப்படவில்லை. தகடு இல்லாவிட்டால் தோட்டா நேராக உள்ளே போய்விடும்.

மச்சான் இரண்டு வார இறுதி வெட்டினான். பேணிக்குள் தனியாகப் போனவை முப்பத்தெட்டு. மிச்சம் எல்லாம் 1.280, ஒன்றிரண்டு 1.279. டையைப் பூட்டி மடித்தபோது வாய் வளையக் குழிக்குள் சுற்றிவரச் சமமாக உட்கார்ந்ததைப் படமெடுத்து அனுப்பினான். பெருப்பித்துப் பார்த்தேன், நல்ல வேலை. ஆனால் படம் பார்த்து ஒத்துக்கொள்ள முடியாது என்று சொன்னேன். ஆறு தோட்டாவை எடு. ஒன்றில் பேனையால் கோடு போட்டு முழு நீளத்தை அளந்து எழுதி வை. மற்ற ஐந்தையும் முதலில் சுடு. சுடாமல் மிஞ்சும் அந்த ஆறாவதைத் திரும்ப அள. ஐந்து உதையையும் வாங்கியது அதுதான். சன்னம் கழன்றிருந்தால் நீளம் கூடியிருக்கும்.

சனிக்கிழமை இங்கே நள்ளிரவு தாண்டி அழைத்தான். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது.

"போக முந்தி 1.585 மச்சான்."

"இப்ப?"

வேர்னியரை மூடித் திறக்கிற சத்தம். இரண்டு முறை அளந்தான் என்று நினைக்கிறேன்.

"1.585."